உயிர் காக்கும் கல்வி: கோவளக் கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் சென்றால் கோவளம் வரும். செங்கல்பட்டு மாவட்டத்தின் இக்கடலோர ஊரில் மீனவர் குடியிருப்பும், கார்மேல் அன்னை தேவாலயமும், தமீமுல் அன்ஸாரி (ரலி) அவர்களின் பெயர் தாங்கிய தர்காவும் அருகருகே அமைந்துள்ளன. அங்கே அடங்கியிருப்பவர் ஒரு நபித்தோழர் என்பது தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் செய்தி. தமிழகத்தின் பல ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் அங்கு வந்து போகின்றன. இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொள்வது அப்பெயரின் பொருளை மட்டுமே. அன்ஸார் என்றால் உதவியாளர்கள். மக்காவிலிருந்து வீடு வாசல் இழந்து வந்த முஹாஜிர்களைத் தம் இல்லங்களில் ஏற்று வாழ்வளித்த மதீனாவாசிகளுக்கு இஸ்லாமிய வரலாறு சூட்டிய பெயர் அது.

உதவியாளர் என்னும் பெயரைச் சுமந்து நிற்கும் அந்த ஊருக்கு முன்னால் கடலும், பின்னால் விரைந்தோடும் நெடுஞ்சாலையும் உள்ளன. ஒன்றில் மூழ்குவோர் உண்டு. மற்றொன்றில் அடிபடுவோர் உண்டு. ஆபத்தில் விழுந்தவரை நோக்கி முதலில் ஓடிச் செல்பவர் மருத்துவரோ தீயணைப்பு வீரரோ அல்லர். பக்கத்தில் நிற்கும் சாதாரண மனிதரே முதலில் செல்கிறார். அவருக்கு என்ன தெரியும் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அந்த உயிர் நிற்பதும் போவதும் அமைகின்றன. இந்த எளிய உண்மை நம் வரலாற்றில் எங்கெங்கே தென்படுகிறது, இன்று நம்மிடம் அது எதைக் கேட்கிறது என்பதைக் காண்போம்.

கோட்டை வாசலில் ஓடிய படை

கோவளத்திற்குச் சாதத் பந்தர் என்றொரு பெயரும் இருந்தது. கர்நாடக நவாப் சாதத்துல்லாஹ் கானின் பெயரால் அமைந்த துறைமுகம் அது. பின்னர் அங்கிருந்த கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்றது. 1752இல் ராபர்ட் கிளைவ் அதைத் தாக்கிக் கைப்பற்றித் தகர்த்தார்.

அந்தத் தாக்குதலில் நடந்ததாக ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே ஒரு செய்தியைத் தருகிறார். கிளைவின் படையில் பெரும்பாலோர் போர்ப் பயிற்சியே இல்லாத புதியவர்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டில் ஒருவன் மாண்டதும் எஞ்சியோர் அனைவரும் திரும்பி ஓடினர். மற்றொரு சமயம் பீரங்கி ஓசைக்கு அஞ்சி ஓடிய ஒரு காவலன், சில மணி நேரத்திற்குப் பின் ஒரு கிணற்றின் அடியில் ஒளிந்திருக்கக் கண்டெடுக்கப்பட்டான். அதே ஆட்கள் தொடர்ந்து பழக்கப்பட்டபின் ஆபத்தின் முன் நிலைத்து நின்றனர்.

கிளைவ் நமக்கு முன்மாதிரி அல்லர். ஆயினும் அந்தச் செய்தியில் ஒரு படிப்பினை இருக்கிறது. அச்சத்தில் ஓடுவது கோழைகளின் குணம் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பழக்கமில்லாத எவரும் ஓடத்தான் செய்வர். சமையலறையில் எண்ணெய்ச் சட்டி தீப்பற்றினாலும், சாலையில் இரத்தம் பெருகக் கிடப்பவரைக் கண்டாலும், கை நடுங்குவது இயல்பு. முன்பே செய்து பழகிய கைதான் அந்த நேரத்தில் வேலை செய்யும். துணிச்சல் பிறவிக் குணமாக இருக்கலாம். நிதானம் கற்றுக்கொள்ளும் பாடம்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஒரு சிகிச்சைக் கூடாரம்

நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில் இப்பாடம் நன்கு அறியப்பட்டிருந்தது. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டின் அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களின் கை நரம்பில் அம்பு பாய்ந்தது. அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக அவருக்குப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். காயமடைந்தோருக்கு அங்கே மருத்துவம் பார்த்தவர் ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணி என்று இமாம் புகாரீ அவர்களின் அல்அதபுல் முஃப்ரத் நூலும், நபி வரலாற்று நூல்களும் குறிப்பிடுகின்றன. தொழுகை நடந்த அதே இடத்தில் காயத்திற்குக் கட்டும் போடப்பட்டது.

அவர் தனி ஒருவர் அல்லர். ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களும் மற்றப் பெண்களும் போர்க்களத்தில் தண்ணீர் கொடுத்துக் காயமுற்றோரைக் கவனித்ததை ஸஹீஹுல் புகாரி பதிவு செய்கிறது. உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் ஏழு போர்களில் பங்கெடுத்து நோயாளிகளைப் பராமரித்ததை ஸஹீஹ் முஸ்லிம் தெரிவிக்கிறது.

உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களின் திருமுகத்தில் காயம் ஏற்பட்டபோது, அலீ (ரலி) அவர்கள் கேடயத்தில் தண்ணீர் கொண்டுவர, மகளார் ஃபாத்திமா (ரலி) அவர்கள் காயத்தைக் கழுவினார்கள். கழுவக் கழுவ இரத்தம் நிற்காமல் பெருகுவதைக் கண்டதும், ஒரு பாயின் துண்டை எரித்து அந்தச் சாம்பலை வைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். இந்த நிகழ்ச்சியில் நாம் கவனிக்கவேண்டியது வரிசையை. முதலில் கழுவினார்கள், கழுவுதல் இரத்தப்போக்கை மிகுவிப்பதைக் கண்டதும், இரத்தத்தை நிறுத்துவதே இப்போதைய முதல் வேலை என்று உணர்ந்து, கையிலிருந்த பொருளைக் கொண்டு அதைச் செய்தார்கள். இன்று நம் கையில் தூய துணி உள்ளது. காயத்தின் மீது மடித்த சுத்தமான துணியை வைத்து, உள்ளங்கையால் விடாமல் அழுத்திப் பிடிப்பதே இன்றைய மருத்துவம் கூறும் முதல் முறை. துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே மற்றொன்றை வைத்து இன்னும் உறுதியாக அழுத்தவேண்டும். நிமிடத்திற்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பது, உறையத் தொடங்கிய இரத்தத்தைக் கலைத்துவிடும். காப்பித்தூளும் மஞ்சளும் ஆழமான காயத்தை அழுக்காக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவேண்டும்.

இதே தலைப்பில் அபூதாவூதில் இடம்பெறும் மற்றொரு நிகழ்ச்சி நெஞ்சை உலுக்குவது. பயணத்தில் ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று அவர் உடனிருந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது அதற்கு அனுமதியில்லை என்று அவர்கள் கூற, அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகச் சினந்தார்கள். அவரைக் கொன்றது அந்தத் தோழர்களே என்று கண்டித்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கவேண்டாமா, அறியாமை என்னும் நோய்க்குக் கேட்டறிவதே மருந்தல்லவா என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள்.

அந்தத் தோழர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். நல்லெண்ணம் ஓர் உயிரைக் காப்பாற்றவில்லை. உதவச் செல்லும் ஒவ்வொருவரும் மனத்தில் பதிக்கவேண்டிய செய்தி இது.

கெய்ரோவில் 879இல் கட்டி முடிக்கப்பட்ட இப்னு தூலூன் பள்ளிவாசலின் பின்புறத்தில் ஒரு மருந்தகம் இருந்தது. ஜும்ஆ நாளில் தொழ வருவோருக்குத் திடீரென உடல்நலம் குன்றினால் கவனிக்க அங்கே ஒரு மருத்துவர் அமர்ந்திருந்தார் என்று எகிப்திய வரலாற்றாசிரியர் மக்ரீஸீ எழுதுகிறார். கூட்டம் கூடும் இடத்தில் முதலுதவியும் இருக்கவேண்டும் என்னும் சிந்தனை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே பள்ளிவாசலில் நடைமுறையாக இருந்திருக்கிறது.

நெருப்பு என்னும் பகைவன்

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு அதில் வசித்தோருடன் தீப்பற்றி எரிந்தது. அதைக் கேள்வியுற்ற நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதருக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிடவேண்டும் என்றும் கூறினார்கள். எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக்கூடும் என்ற காரணத்தையும் மற்றொரு ஹதீஸில் விளக்கினார்கள். இரண்டும் புகாரியில் உள்ளன. விபத்து நடந்தபின் இரங்கியதோடு நிறுத்திக்கொள்ளாமல், அடுத்த விபத்துக்கான காரணத்தைத் தேடி அடைத்த முறை அது.

அதே வழியில் பிற்கால முஸ்லிம் நகரங்களும் சிந்தித்தன. மர வீடுகள் நெருங்கி நின்ற இஸ்தான்புல் அடிக்கடி தீயில் கருகியது. பிரான்ஸிலிருந்து வந்து இஸ்லாத்தைத் தழுவிய தாவூத் என்பவர் கையால் இயக்கும் நீர் இறைக்கும் பொறியை அறிமுகப்படுத்தினார். அவரது தலைமையில் 1720இல் ஒரு தீயணைப்புப் படை அமைந்தது. துலும்பா என்னும் அப்பொறியின் பெயரால் அவ்வீரர்கள் துலும்பாஜிகள் எனப்பட்டனர். பின்னாளில் ஒவ்வொரு மஹல்லாவும் தனக்கெனத் துலும்பாஜிகளை வைத்துக்கொண்டது. பொறியைத் தோளில் சுமந்து குறுகிய தெருக்களில் ஓடிய அந்த இளைஞர்கள் அந்நகரத்தின் நாட்டுப்புற நாயகர்களாயினர்.

சென்னை நகரில் தீயணைப்புத் துறை 1908இல் தொடங்கப்பட்டது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் நின்ற ஃபோர்ட் ஸ்டிக்கின் என்னும் கப்பல் வெடித்தது. வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அணைக்கச் சென்ற 66 வீரர்கள் உயிரிழந்தனர். அவர்களின் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை நாடெங்கும் தீத்தொண்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் சமுதாயத்தின் நினைவில் ஆழப் பதிந்த தீ 1997 ஏப்ரல் 15 அன்று மினாவில் எழுந்தது. ஹஜ் கிரியைகளுக்காகக் கூடியிருந்தோரின் கூடாரங்களில் பற்றிய நெருப்பு, பலத்த காற்றில் பரவிச் சுமார் 70,000 கூடாரங்களை விழுங்கியது. அதிகாரப்பூர்வக் கணக்கின்படி 343 ஹாஜிகள் உயிரிழந்தனர். இந்தியக் குடும்பங்கள் பலவும் தம்மவரை இழந்தன. சமையல் எரிவாயு அடுப்புகளே அத்தீயின் காரணமாகச் சொல்லப்பட்டன. அதன்பின் மினாவில் தீப்பற்றாத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. கூடாரங்களில் எரிவாயு அடுப்பு தடை செய்யப்பட்டது. இன்று ஹஜ்ஜுக்குச் செல்வோர் காணும் வெண்ணிறக் கூடாரங்கள் அந்தப் பேரிழப்பிலிருந்து கற்ற பாடம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலம் குன்றியோரைத் தங்கவைத்திருந்த ஒரு கூரைக் கொட்டகை விடிவதற்கு முன் தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியாமல் 28 பேர் இறந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. நலம் தேடித் தர்காவின் நிழலுக்கு அழைத்துவரப்பட்ட மனிதர்கள் அவர்கள். தண்ணீரும் ஆட்களும் இருந்தாலும், வெளியேறும் வழி இல்லாத இடத்தில் எந்தத் தீயணைப்பும் பயன்படாது என்பதை ஏர்வாடி நமக்குக் கற்பித்திருக்கவேண்டும்.

2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் தோன்றிய நெருப்பு வகுப்பறைக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. இவற்றில் பொதுவாக நின்றவை மூன்று: எளிதில் எரியும் கூரை, அருகிலேயே நெருப்போ மின்சாரமோ, குறுகலான அல்லது அடைபட்ட வழி.

நம் பள்ளிவாசல்களில் ரமளான் முழுவதும் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். வலீமாவுக்கும் கந்தூரிக்கும் பெரிய தேக்சாக்களில் சமைக்கிறோம். எரிவாயு உருளையைப் பந்தலுக்குள் வைப்பதும், செருப்புகளும் நாற்காலிகளும் வாசலை அடைப்பதும் நம் கண்ணில் படுவதே இல்லை. அடுப்பு பந்தலுக்கு வெளியே இருக்கவேண்டும். உருளை அடுப்பிலிருந்து விலகி நிமிர்ந்து நிற்கவேண்டும். இரண்டு வாசலாவது திறந்திருக்கவேண்டும். மின்சாரத்தின் முதன்மை இணைப்பை எங்கே துண்டிப்பது என்பது குறைந்தது இருவருக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

தீ எழுந்துவிட்டால் செய்யவேண்டியவையும் சிலவே. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. ஊற்றினால் தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வாரி இறைக்கும். அடுப்பை அணைத்துத் தட்டையான மூடியால் மூடினால் காற்றின்றி நெருப்பு அடங்கும். மின்கசிவால் எழுந்த தீக்கு முதலில் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். எரிவாயு நாற்றம் வந்தால் உருளையை மூடிச் சன்னல்களைத் திறக்கவேண்டும்; மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது, ஏனெனில் சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். தீயணைப்பான் கருவியில் ஊசியை உருவி, குழாயைச் சுடரின் மேற்பகுதிக்கு அன்றி அடிப்பகுதிக்குக் குறிவைத்து, பிடியை அழுத்தி இடமும் வலமுமாக வீசவேண்டும். புகை மேலே சேரும். ஆகவே தரையோடு தவழ்ந்து வெளியேறவேண்டும். ஆடையில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. தரையில் படுத்து உருளவேண்டும். புர்காவும் துப்பட்டாவும் பெரும்பாலும் செயற்கை இழையால் ஆனவை. எளிதில் உருகித் தோலில் ஒட்டுபவை. அடுப்பருகே பருத்தி ஆடை அணிவது பாதுகாப்பானது.

தீக்காயத்தின் மீது ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் விடவேண்டும். பனிக்கட்டி கூடாது. வீக்கம் தொடங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றவேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக்கூடாது. பற்பசை, மை, இட்லி மாவு ஆகிய எதையும் தடவாமல் சுத்தமான துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.

கரையில் கிடத்தப்பட்டவர்

கோவளக் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. விடுமுறை நாள்களில் அங்கு நம் குடும்பங்களும் திரளாகச் செல்கின்றன. கடல் அழகானது, இரக்கமற்றதும் ஆகும்.

நீரில் மூழ்கியவரை உயிர்ப்பிக்கலாம் என்பதையே உலகம் நெடுங்காலம் நம்பவில்லை. 1767இல் கால்வாய்கள் நிறைந்த ஆம்ஸ்டர்டாமில் குடிமக்கள் சிலர் இதற்கெனவே ஒரு சங்கம் அமைத்து, மூழ்கியோரை மீட்கும் வழிகளைப் பரப்பினர். 1774இல் லண்டனிலும் அத்தகைய சங்கம் எழுந்தது. 1950களின் இறுதியில் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதும் முறை மருத்துவ ஆய்வால் உறுதிப்பட்டது. 1960இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூவர், நெஞ்சைத் திறக்காமலேயே கைகளால் அழுத்தி இரத்த ஓட்டத்தை நிலைநிறுத்தலாம் என்று வெளியிட்டனர். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று சிபிஆர் எனப்படும் இதய நுரையீரல் மீட்பு முறை. அறுவைக் கூடத்தில் மட்டும் நடந்த ஒன்று, இரண்டு கைகள் உள்ள எவரும் செய்யக்கூடியதாயிற்று.

கடலில் ஒருவர் தத்தளிக்கும்போது நீச்சல் தெரியாத உறவினர் அடுத்தடுத்து இறங்குவதே ஒரே குடும்பத்தில் பல உயிர்கள் போவதற்குக் காரணம். முதலில் மீனவரையும் கடற்கரைக் காவலரையும் கூவி அழைக்கவேண்டும். கயிறு, காலியான பிளாஸ்டிக் கேன், காற்றடைத்த லாரி டியூப், முறுக்கிய வேட்டி ஆகியவற்றில் எது கிடைத்தாலும் எறியவேண்டும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அதிலிருந்து விடுபடலாம்.

கரைக்குக் கொண்டுவந்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுக்க முயல்வதும் நம் கடற்கரைகளில் இன்றும் நடக்கின்றன. அதில் வீணாவது பொன்னான நேரம். வயிற்றிலிருந்து மேலேறும் நீர் மூச்சுக்குழலுக்குள் செல்லும் ஆபத்தும் உண்டு. மூச்சு இல்லையென்றால் மல்லாத்தி, தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாய்வழியே மூச்சு ஊதவேண்டும். பின்னர் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் இறங்கும்படி, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்தவேண்டும். 30 அழுத்தத்திற்கு 2 மூச்சு. உதவி வரும்வரை நிறுத்தக்கூடாது. இதயம் நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்துசேர்வது அரிது. அந்த இடைவெளியை நிரப்புவது அருகில் நிற்பவரின் கைகள்தாம். இதைப் படித்து மட்டும் செய்துவிட முடியாது. பொம்மையின் மீது அழுத்திப் பழகவேண்டும்.

சென்னையில் படித்த ஓர் அன்ஸாரி

மருத்துவ அறிவைச் சமுதாயத் தொண்டாக ஒழுங்குபடுத்திய ஒருவரை இங்கே நினைவுகூரவேண்டும். 1880இல் இன்றைய உத்தரப் பிரதேசத்தில் பிறந்த டாக்டர் முக்தார் அஹ்மது அன்ஸாரி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பின்னர் இங்கிலாந்தில் அறுவை மருத்துவத்தில் உயர்ந்தார். 1912இல் பால்கன் போர் மூண்டு துருக்கியில் காயமுற்றோர் குவிந்தபோது, இந்திய முஸ்லிம்களின் நன்கொடையில் உருவான மருத்துவக் குழுவுக்குத் தலைமையேற்றுக் கப்பலேறினார். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கும் அவரே தலைவர்.

அன்று உணர்ச்சிமிக்க கூட்டங்கள் ஊர்தோறும் நடந்தன. நிதி குவிந்தது, கவிதைகள் பாடப்பட்டன. ஆனால் களத்தில் இருந்த காயக்காரருக்குப் பயன்பட்டது, கட்டுப்போடத் தெரிந்த அந்தச் சிறு குழுவே.

அடக்கம் செய்யும் கைகளும் உயிர் மீட்கும் கைகளும்

2004 டிசம்பர் 26 அன்று காலை, இந்திய நேரப்படி ஏறத்தாழ 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது. இரண்டு மணி நேரத்திற்குப் பின் ஆழிப்பேரலை நம் கரைகளைத் தாக்கியது. தமிழகத்தில் சுமார் 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர். கோவளம் உள்ளிட்ட இக்கடலோரமும் பாதிப்புக்கு உள்ளானது. அந்நாள்களில் பரங்கிப்பேட்டை ஜமாஅத் மீனவ மக்களுக்கு இடமும் உணவும் அளித்தது. நாகூர் தர்காவின் நிலத்தில் சமயம் பாராமல் உடல்கள் அடக்கம் செய்யப்பட்டன. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் தொண்டர்கள் பிறர் தொடத் தயங்கிய உடல்களை மீட்டனர். அவ்வமைப்பின் ஆம்புலன்ஸ்களும், தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத்தின் இரத்ததான முகாம்களும் தமிழகம் அறிந்தவை. 2020, 2021 ஆண்டுகளின் கொரோனாக் காலத்தில், உறவினரே அஞ்சி விலகியபோது முஸ்லிம் இளைஞர்கள் இறந்தோரைக் கண்ணியத்தோடு அனுப்பிவைத்தனர். இவை பெருமைக்குரிய பக்கங்கள்.

அப்பக்கங்களைக் கூர்ந்து படித்தால் ஒன்று புலப்படும். நம் தொண்டின் பெரும்பகுதி மரணத்திற்குப் பின் தொடங்குகிறது. ஜனாஸாவைக் குளிப்பாட்டுவதும், கஃபனிடுவதும், தொழவைப்பதும், அடக்குவதும் ஃபர்ளு கிஃபாயா, அதாவது சமுதாயத்தில் சிலராவது நிறைவேற்றாவிட்டால் அனைவரும் குற்றவாளிகளாகும் கடமை. அதனால்தான் எந்தச் சிற்றூர் மஹல்லாவிலும் மையித்துக் குளிப்பாட்டத் தெரிந்த ஆணும் பெண்ணும் இருக்கிறார்கள். சந்தூக்கும் தயாராக இருக்கிறது. ஆனால் இமாம் கஸ்ஸாலீ அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தையும் ஃபர்ளு கிஃபாயாவாகவே எண்ணுகிறார்கள். தம் காலத்து ஊர்களில் ஃபிக்ஹ் கற்போர் நெருக்கியடிக்க, மருத்துவம் கற்க முஸ்லிம்கள் முன்வராததைக் கண்டு வருந்துகிறார்கள். கஃபன் துணிக்கு முந்திய அந்தப் பத்து நிமிடங்களில் என்ன செய்வது என்று தெரிந்தவர் நம் மஹல்லாவில் எத்தனை பேர்? ஓர் உயிரை வாழவைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழவைத்தவரைப் போன்றவர் என்று திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் உணர்த்தும் கருத்தை மேடைதோறும் கேட்கிறோம். அதைச் செயலாக்கும் கல்வி மேடைக்குக் கீழே இல்லை.

நம் மஹல்லாவில் செய்யக்கூடியவை

வழக்கில் சிக்கிக்கொள்வோம் என்ற அச்சத்திற்கு இன்று இடமில்லை. விபத்தில் உதவுவோரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று சட்டத்தின் வலிமையை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அதை உறுதிசெய்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது வழக்குத் தொடர முடியாது; பெயரைச் சொல்லவும் அவரை வற்புறுத்தக்கூடாது. 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் முதல் தமிழகத்தில் இலவசமாக இயங்குகிறது. சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம், 2021 டிசம்பர் 18 அன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கப்பட்டது.

ஆகவே ஒவ்வொரு ஜமாஅத்தும் சிலவற்றைச் செய்யலாம். ஆண்டுக்கு இருமுறை தீயணைப்பு நிலையத்தாரையும் ஒரு மருத்துவரையும் பள்ளிவாசலுக்கு அழைத்து, ஜும்ஆவுக்குப் பின் செய்முறைப் பயிற்சி நடத்தலாம். மதரஸா மாணவர்களுக்கு ஒளூவின் வரிசையைப் போலவே முதலுதவியின் வரிசையையும் மனப்பாடமாக்கலாம். பள்ளிவாசலில் முதலுதவிப் பெட்டியும், காலாவதியாகாத தீயணைப்பானும் இருக்கிறதா என்பதை நிர்வாகக் குழு சரிபார்க்கலாம். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, மயங்கியவரின் வாயில் தண்ணீர் புகட்டுவது, அடிபட்டவரைக் கழுத்து துவளத் தூக்கி ஆட்டோவில் போடுவது ஆகிய பழக்கங்கள் ஏன் தீங்கானவை என்பதை விளக்கலாம். வலிப்பு வந்தவரைச் சுற்றியுள்ள பொருள்களை அகற்றி, அடங்கியபின் ஒருக்களித்துப் படுக்கவைத்தாலே போதும்.

இவற்றில் பெண்களுக்குத் தனி வகுப்பு இன்றியமையாதது. தீக்காயங்கள் நிகழும் இடம் பெரும்பாலும் சமையலறை. அங்கே முதலில் இருப்பவர் தாயோ மகளோ. மார்க்க அனுமதி குறித்த தயக்கமும் சிலருக்கு எழலாம். நிர்ப்பந்தம் விலக்கப்பட்டவற்றை அனுமதிக்கும் என்பது ஃபிக்ஹின் அறியப்பட்ட விதி. உயிர் ஊசலாடும் நேரத்தில் அன்னிய ஆண், அன்னியப் பெண் என்ற தயக்கம் உதவியைத் தடுக்கலாகாது என்பதை ஆலிம்கள் குத்பாவில் எடுத்துச் சொன்னால், பலருடைய கைகள் விடுபடும். ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரம் பள்ளிவாசலில்தான் இருந்தது என்பதையும் நினைவூட்டலாம்.

அன்ஸார்கள் செல்வர்களாக இருந்ததால் அப்பெயரைப் பெறவில்லை. தேவை வந்த நேரத்தில் தம்மிடம் இருந்ததைக் கொண்டு தயாராக நின்றதால் பெற்றார்கள். இக்காலத்தில் தயாராக நிற்பதற்கு ஒரு நாள் பயிற்சியும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கும் மனமும் வேண்டும். அறிந்து உதவுவோரின் கூட்டத்தில் நம்மையும் நம் பிள்ளைகளையும் வல்ல இறைவன் சேர்த்தருள்வானாக. ஆமீன்.